நடையில் நின்றவன்

குறிப்பு எழுதித் தர வேண்டாம் என்று அவர் சொன்னதுதான் வடிவுக்கு முதலில் உறுத்தியது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் புருஷன் சீனிவாசகம் எந்தக் கூட்டத்தில் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் அதை முதலில் படிப்பது அவள்தான். அவருக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை, அது முடிந்தால் சங்க வேலை, படிக்க எங்கே நேரம், அவள் பி.ஏ. ஆங்கிலம், வீட்டில் இருக்கிறாள், பாப்பா பள்ளிக்கூடம் போனபிறகு மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை யாரும் கேட்பாரில்லை. படித்து, சாரத்தைத் தமிழில் நாலு பக்கம் எழுதி, எந்த இடத்தை வாசித்துக்காட்டலாம் என்று ஓரத்தில் எண் போட்டுக் கொடுப்பாள். அவர் அதை வைத்துப் பேசுவார், நன்றாகவே பேசுவார். இந்தத் தடவை மட்டும், போன வியாழக்கிழமை, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, ‘நானே பாத்துக்கிறேன் வடிவு, நீ சிரமப்படாத’ என்றார். அவள் சிரமப்படுவதாக யார் சொன்னது? பதினோரு வருடமாக வராத கரிசனம் திடீரென்று வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தானே தோன்றும். அதுவும் இந்தப் புத்தகத்துக்கு. மற்ற எந்தப் புத்தகமானாலும் சரி போ என்று விட்டிருப்பாள். இந்த ஜார்ஜியக் கதையை அவள் எத்தனை தடவை படித்தாள், அதை வைத்து என்ன செய்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவளுக்கு மட்டும் என்றுதான் இன்று காலை பத்தே முக்கால் வரை நினைத்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தின் மாடியில், மூன்றாவது வரிசையில், ஜன்னலோரத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ‘ஜார்ஜிய இலக்கியத்தில் பெண்’ என்று சிவப்புத் துணியில் எழுதிக் கட்டியிருந்ததில் ‘ஜா’வின் கால் மட்டும் ஏன் இவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தோழர்களே என்று ஆரம்பித்து, காக்கசஸ் மலையடிவாரத்தில் திராட்சையும் வால்நட்டும் விளைகிற சின்ன நாடு என்று வர்ணித்து, போன நூற்றாண்டில் அங்கே ஒரு பெண் எழுதிய கதை இது என்று சொல்லி, மெலானோவுக்கு வந்தார். மெலானோ என்ற பேரை அவர் வாயில் கேட்டதும் வடிவுக்கு, தன் பெட்டியில் அடியில் வைத்திருந்த சேலையை வேறு யாரோ உடுத்திக்கொண்டு எதிரே வந்தது மாதிரி இருந்தது. குடியானவன் மகள் மெலானோ, பாதிரியாரின் மனைவியிடம் ஒளித்து ஒளித்து எழுத்துப் படித்தவள், ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவன் முற்போக்கானவன், பெண்கள் படிக்க வேண்டும் என்று திபிலீசியில் வருகிற பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறவன். அவள் மரத்தடியில் ஏழு பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும், பத்திரிகைக்காரர்கள் அவனைப் பாராட்டி எழுதுகிறார்கள். ஏழு பேர் பதினைந்து பேரானதும், ஊர்க்காரர்கள் தங்களுக்கு வரும் கடிதங்களைப் படிக்கச் சொல்லி அவனிடம் கொண்டுவராமல் அவளிடம் கொண்டுவர ஆரம்பித்ததும், அவன் முகம் மாறுகிறது. இந்த வருஷம் போதும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறான். சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். இதையெல்லாம் அவர் ஒரு பிசகும் இல்லாமல் சொன்னார். சாவியை ஆணியிலிருந்து எடுத்ததைக்கூடச் சொன்னார். அவராகப் படித்தால் ஆணியெல்லாம் நினைவிருக்காதே, பெரிய பெரிய விஷயம்தானே அவருக்கு நினைவிருக்கும், ஒருவேளை இந்தத் தடவை உண்மையிலேயே உட்கார்ந்து படித்திருப்பாரோ, எப்போது படித்தார், அவள் தூங்கியபிறகா, வங்கியிலா, புத்தகம் அலமாரியை விட்டு நகரவே இல்லையே, மேலே படிந்த தூசியை நேற்றுத்தானே அவள் துடைத்தாள். இப்படி எண்ணம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், மேசைமேல் இருந்த மஞ்சள் ஃபைலுக்குள் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். ‘அந்த இடத்துல, தோழர்களே, அந்த எழுத்தாளர் ஒரு வரி எழுதுறாங்க பாருங்க. கதவைத் திறந்துவைத்தேன், திறந்துவைத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னவன் நடையை விட்டு நகரவே இல்லை. அவ்வளவுதான். ஒரே வரி.’

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். வடிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செண்பகம், தீக்குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனவள், ‘அந்தப் பொம்பள சரியாச் சொல்லிருக்கா மதினி’ என்றாள். வடிவு தலையை ஆட்டினாள். அந்தப் பொம்பளை அப்படிச் சொல்லவே இல்லை. மாஸ்கோவில் அச்சான அந்த ஆங்கிலப் புத்தகத்தில், அவன் சாவியை எடுத்துக்கொண்டபின், அவள் ஒன்றும் சொல்லாமல் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள் என்று மட்டும்தான் இருக்கிறது. ஜனவரியில் ஒரு மத்தியானம், பொங்கல் கழிந்து நாலாம் நாள், அடுப்படியில் உட்கார்ந்து அந்த இடத்தைத் தமிழில் எழுதியபோது, மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தபிறகும் கை நிற்கவில்லை. இன்னொரு வரி தானாக வந்து விழுந்தது. எழுதிவிட்டுப் பார்த்தாள், தப்பு, மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது பெரிய தப்பு, நாளைக்கு அடித்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் அடிக்க மனசு வரவில்லை. அந்த வரியோடுதான் அதுவரை எழுதிய இருபது பக்கத்தையும் சுத்தமாகத் திருப்பி எழுதி, மெட்ராஸில் ஒரு பதிப்பகத்துக்கு, இந்தக் கதையை முழுக்க மொழிபெயர்க்க எனக்கு வாய்ப்புத் தர முடியுமா என்று ஒரு கடிதமும் வைத்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள். அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் பிரதி ஒன்றுதான். கரடுப் பிரதியைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டது அவளேதான், ஒவ்வொரு தாளாக, எரிந்து முடியும்வரை நின்று பார்த்திருந்தாள். ஆக அந்த வரி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அது மெட்ராஸுக்குப் போனது. மெட்ராஸிலிருந்து பதில் வரவில்லை. வராத பதில் எப்படி அவர் வாய்க்கு வந்தது?

இல்லை, அவசரப்படக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் உளறியிருப்பாளோ? உளறினாலும் இப்படிச் சுத்தமாகவா உளறுவாள். என்றைக்காவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பாளோ, பாப்பாவிடம் கதைசொல்வதுபோல? பாப்பாவுக்குச் சொன்னது நரிக் கதையும் ஏழு கடல் கதையும்தான். ஒருவேளை அவருக்கே தோன்றியிருக்குமோ? ஒரே கதையைப் படித்த இரண்டு பேருக்கு ஒரே எண்ணம் தோன்றக் கூடாதா, அதுவும் புருஷன் பெண்டாட்டி, ஒரே தட்டுச் சோறு. தோன்றலாம். ஆனால் நடை என்ற சொல் தோன்றாது. அவர் விருதுநகர்க்காரர்; வாசப்படி என்பார், நிலை என்பார், நடை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது அம்பாசமுத்திரத்தில் அவள் அம்மா வீட்டுச் சொல். விளக்கு வைக்கிற நேரத்தில் நடையில் நிற்காதே என்று அம்மா சொல்வாள். கல்யாணமான புதிதில் அவள் நடை நடை என்று சொல்லும்போது, யார் நடக்கிறாங்க என்று அவர் கேலிசெய்திருக்கிறார். அந்தச் சொல்லை இன்று ஒரு தடுமாற்றமும் இல்லாமல், பார்த்து வாசித்தார். பார்த்துத்தான் வாசித்தார், கண்ணாடியைச் சரிசெய்தாரே. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது? அது வங்கி ஃபைல், காலையில் தோள்பையில் அவரே எடுத்துவைத்தார், அவள் எடுத்துத் தரேன் என்று கை நீட்டியபோது வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு வேண்டாம் போதுமே. எலி அம்மணமாக ஓடினால் ஏதாவது காரணம் இருக்கும் என்று அவள் அப்பா சொல்வார்.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்தபிறகு பழைய நாட்களெல்லாம் எழுந்து நின்று தங்களைத் திருப்பிக் காட்ட ஆரம்பித்தன. ஏப்ரலில் ஒருநாள் ராச்சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு சம்பந்தமும் இல்லாமல், ‘மொழிபெயர்ப்பெல்லாம் லேசுப்பட்ட வேலை இல்ல, காலேஜ் புரொபசருங்களே தடுமாறுறாங்க’ என்றார். அப்போது அவள், தன் மனசில் இருப்பது முகத்தில் தெரிகிறதோ என்று பயந்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மே மாதம், அனுப்பிய இருபது பக்கத்துக்குமேல் எழுதிக்கொண்டே வந்ததை அவள் நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, மெட்ராஸ்காரனுக்கே பிடிக்கவில்லை, நம் தமிழ் அவ்வளவுதான் என்று நோட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்ட வாரத்தில், அவர் ஒரு புதுச் சேலை வாங்கிவந்தார். தீபாவளியும் இல்லை பொங்கலும் இல்லை. எதுக்கு என்றதற்குச் சும்மா என்றார். போன வருடம் சங்கப் பத்திரிகைக்கு அவள் எழுதிய கட்டுரை ‘தோழர் சீனிவாசகம் தம்பதியர்’ என்ற பேரில் அச்சாகி வந்தது. அவள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, ‘ரெண்டு பேரும் வந்தாச்சுல்ல’ என்றார். அப்போது அவளும் சிரித்தாள். வரதட்சிணை வாங்காமல் கட்டினேன் என்று அவர் மேடையில் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள்; விலை போட்டு வாங்காத பொருளைப் பார்க்கிற மாதிரி. அதற்கும் சிரித்திருக்கிறாள். நல்ல மனுஷர்தான். அடித்ததில்லை, குடித்ததில்லை, படி படி என்று சொன்னது அவர்தான், அகராதி வாங்கித் தந்ததும் அவர்தான். இத்தனை நல்லதையும் ஒரு பக்கம் அடுக்கிவைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தால், இப்படிப்பட்டவரையா சந்தேகப்படுகிறாய் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் வரியும் கூடவே வந்தது. நடையை விட்டு நகரவே இல்லை. மேடையில் அவர், மெலானோவின் மௌனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தங்கச்சாமி கண்ணில் பட்டார். நாலு நாற்காலி தள்ளி, சுவரில் சாய்ந்து, காக்கி இல்லாமல் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவர்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர், சங்கத்திலும் இருக்கிறார், அவளை மதினி என்று கூப்பிடுகிறவர். பிப்ரவரி முழுக்க, பிறகு ஏப்ரல் முழுக்க, பதினோரு மணிக்கு அவர் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவள் கதவருகே போய் நிற்பாள். அவர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். இப்போது யோசித்தால், ஏப்ரலில் அவர் கை விரிக்கும்போது சிரித்தாரே, எதற்குச் சிரித்தார்? இவரும் கூட்டா? இரண்டு பேரும் ஒரே சங்கம், ஒரே டீக்கடை. கேட்டால் உண்மையைச் சொல்வாரா, அல்லது போய் வீட்டுக்காரரிடம், மதினி இப்படிக் கேட்டாங்க என்று சொல்லிவிடுவாரா? கேட்காமல் இருந்தால் இந்த அரைமணி நேரம் ஆயுசு முழுக்க நீளும். அவள் எழுந்து, குனிந்தபடியே போய், தங்கச்சாமிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடையில் சீனிவாசகத்தின் பேச்சு ஒரு கணம் தடுக்கியதோ? தடுக்கியதுபோலத்தான் இருந்தது. பிறகு ஓடியது.

‘தம்பி, ஒண்ணு கேக்கணும். மெட்ராஸ்ல இருந்து எனக்கு ஒரு ரிஜிஸ்தர் வரணும். வந்தா வீட்டுல குடுத்துருங்க’ என்றாள் மெதுவாக. நேராகக் கேட்க நாக்கு வரவில்லை.

தங்கச்சாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். ‘இன்னொண்ணு வருதா மதினி?’

‘இன்னொண்ணா?’

‘மார்ச்சுல வந்துச்சுல்லா ஒண்ணு. தடியாக் காக்கி கவரு. நீங்க தங்கச்சி பேறுகாலத்துக்கு ஊருக்குப் போயிருந்தீங்க. திருப்பி அனுப்ப மனசில்லாம பேங்குல கொண்டுபோய் அண்ணன்கிட்ட குடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கினாரே.’ சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ‘ஏன் மதினி, தரலியா?’

‘தந்தாரு, தந்தாரு’ என்றாள் வடிவு. ‘இது வேற.’

ஏன் பொய் சொன்னாள்? அவரைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா? புருஷன் தன் கடிதத்தை மறைத்துவைத்தான் என்று ஊருக்குத் தெரிந்தால் அது அவருக்கு அவமானமா அவளுக்கா? மார்ச். அவள் அம்பாசமுத்திரத்தில் தங்கச்சி குழந்தைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டு, இந்நேரம் பதில் வந்திருக்குமோ என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது பதில் வந்து அவர் மேசையில் உட்கார்ந்திருந்தது. ஏப்ரல், மே, ஜூன் பதினேழு. இத்தனை நாளும் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். சந்தேகமாக இருந்தவரைக்கும் பழைய நாட்களைப் புரட்டவைத்தது, உறுதியானதும் ஒன்றும் செய்யவில்லை, வெறுமையாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள். அதற்குப் பதிலாக ஒரு கேள்விதான் வந்தது. அந்தக் கவரில் என்ன எழுதியிருந்தது? நன்றாக இல்லை என்று எழுதியிருந்தால், அவள் மனசு நோகக் கூடாதென்று மறைத்திருக்கலாமே. அதுவும் ஒரு அன்புதானே. நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால்? அப்படி எழுதியிருந்தால் அதை மறைத்தவனுக்கு என்ன பேர் வைப்பது? நன்றாக இல்லை என்றே எழுதியிருக்கட்டும் என்று அவள் மனம் ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டது. தன் எழுத்து மோசமாக இருக்கட்டும், தன் புருஷன் நல்லவனாக இருக்கட்டும் என்று. அப்படி வேண்டிக்கொண்டதைத் தானே கண்டுபிடித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பேச்சு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் ஞானப்பிரகாசம், ஓய்வுபெற்ற வாத்தியார், டீ குடித்துவிட்டுக் கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம், கடைசியில் தோழியர் வடிவு நன்றி சொல்வார்கள் என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து வராந்தாவில் டீ வாளியும் காரச்சேவுப் பொட்டலமும் இருந்த பக்கம் போனார்கள். சீனிவாசகத்தை நாலு பேர் கைபிடித்துக் குலுக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள்; போகிறபோது அவர் ஒரு தடவை மேசையைத் திரும்பிப் பார்த்தார். வடிவு மேசைக்குப் போனாள். அவள் போனதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை, கூட்டம் முடிந்தால் சோடா பாட்டிலையும் டம்ளரையும் எடுத்துவைப்பது எப்போதும் அவள்தானே. ஃபைலைத் திறந்தாள். மேலே ஒரு தாளில் அவர் கையெழுத்தில் நாலு வரி. அதன்கீழே, தன் கையெழுத்து. ஐந்து மாதத்துக்கு அப்புறம் பார்க்கும்போது அது கொஞ்சம் வேறு யாருடையதோ மாதிரி, நன்றாகவும் இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு, ஓரத்தில் யாரோ அழகான கையெழுத்தில் ‘மூலத்தில் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கடிதம். நின்றபடியே படித்தாள். அன்புடையீர், தங்கள் மாதிரி மொழிபெயர்ப்பு படித்தோம், தமிழ் தெளிவாகவும் உயிரோடும் இருக்கிறது, பத்தொன்பதாம் பக்கத்தில் தாங்கள் சேர்த்துள்ள ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட வேண்டும், மீதிக் கதையையும் மொழிபெயர்த்து ஜூன் முப்பதாம் தேதிக்குள் எங்களுக்குக் கிடைக்குமாறு அனுப்பினால் இவ்வாண்டே தங்கள் பெயரில் வெளியிட விரும்புகிறோம். தங்கள் பெயரில். அதை இரண்டு தடவை படித்தாள். திருமதி சண்முகவடிவு பி.ஏ. என்று தட்டச்சில் இருந்தது, மேலே, தனியாக.

‘வடிவு.’

அவர் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ‘வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.’

‘இங்கயே சொல்லுங்க. மெதுவாச் சொன்னா யாருக்கும் கேக்காது.’

‘குடுக்கணும்னுதான் இருந்தேன். நீ ஊர்ல இருந்து வந்த அன்னைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல்.’

‘காய்ச்சல் மூணு நாள்.’

அவர் டம்ளரை மேசைமேல் வைத்தார். அதன் வட்டம் தாளில் படாமல் இருக்க அவள் ஃபைலை இழுத்துக்கொண்டாள். ‘முதல்ல உன் தாளைத்தான் படிச்சேன்’ என்றார். ‘அந்த வரி வந்ததும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. என்னமா எழுதியிருக்கா இந்த ஜார்ஜியாக்காரின்னு நினைச்சேன். அப்புறம் கடுதாசியைப் பிரிச்சா, மூலத்துல இல்லைன்னு எழுதியிருக்கான். அப்ப அது நீ எழுதினது.’ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். ‘யாரைப் பாத்து எழுதினேன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குப் பிறகு குடுக்க முடியல.’

வடிவு அவர் முகத்தையே பார்த்தாள். யாரைப் பார்த்து எழுதினாள்? அன்றைக்கு மத்தியானம் இவர் நினைவில் இருந்தாரா? இல்லை என்றுதான் சத்தியம் செய்திருப்பாள். அடுப்படி, கோதுமை மாவு, வெளியே கொய்யா மரத்தில் அணில், அகராதியில் ஒரு சொல் கிடைக்காமல் திணறியது, இவ்வளவுதான் இருந்தது. தனக்கே தெரியாமல் எழுதியதை இவர் படித்த உடனே தெரிந்துகொண்டார் என்றால், எவ்வளவு நாளாக இவருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டேதான் நடையில் நின்றாரா?

‘தெரிஞ்சும் மேடைல வாசிச்சீங்க’ என்றாள்.

‘அந்த ஜார்ஜியாக்காரி எழுதினதா வாசிச்சா…’ அவர் வேட்டி நுனியைப் பார்த்தார். ‘என்னைச் சொன்ன மாதிரி இருக்காதுன்னு நினைச்சேன்.’

அது உண்மை என்று அவளுக்குப் பட்டது. பதினோரு வருடத்தில் அவர் சொன்னதிலேயே அதுதான் முழு உண்மையாக இருக்கும். அப்படிப் பட்டதும், இதையும் சொல்லிவைத்தால் நான் இளகிவிடுவேன் என்று தெரிந்துதான் சொல்கிறாரோ என்று உடனே இன்னொரு எண்ணம் முளைத்தது. இனி இப்படித்தான் போலிருக்கிறது. அவர் தண்ணீர் கொண்டா என்றாலும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கும். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, பத்தொன்பதாம் பக்கத்தில் அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள்.

‘ஏன் அடிக்கிற? அதுதான் நல்லா இருக்கு.’

‘அவ கதையில இல்லாததை நான் சேத்தது தப்பு. அவங்க சொன்னது சரி.’ பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். ‘இன்னும் பதிமூணு நாள் இருக்கு. நாற்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன், பாக்கி அம்பதுக்கு மேல இருக்கு. மத்தியானம் ரெண்டு மணி நேரத்துல முடியாது. இன்னையிலேருந்து மாசக் கடைசி வரைக்கும் பாப்பாவையும் அடுப்பையும் நீங்கதான் பாத்துக்கிடணும்.’

‘சரி’ என்றார்.

அந்தச் சரியை அவள் நம்பவில்லை. நம்பாமலேயே ஃபைலிலிருந்து தன் தாள்களையும் கடிதத்தையும் எடுத்து அடுக்கி, அவருடைய நாலு வரித் தாளை மட்டும் உள்ளே வைத்து மூடினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துகொண்டிருந்த தங்கச்சாமியை அங்கிருந்தே கூப்பிட்டாள். ‘தம்பி, நாளையிலேருந்து என் பேருக்கு எது வந்தாலும் என் கையிலதான் குடுக்கணும். நான் இல்லேன்னா ஆபீஸ்ல வச்சிருங்க, வந்து வாங்கிக்கிடுதேன்.’ தங்கச்சாமி முதலில் சீனிவாசகத்தைப் பார்த்தார். சீனிவாசகம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சரி மதினி’ என்றார் தங்கச்சாமி.

ஆட்கள் திரும்பிவந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். நன்றியுரையை வேறு யாரையாவது சொல்லச் சொல்லுங்கள், எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்று ஞானப்பிரகாசம் வாத்தியாரிடம் சொல்லிவிட்டு அவள் மாடிப்படிக்கு வந்தாள். கூட்டம் முடியுமுன் எழுந்து போனது இதுதான் முதல் தடவை. கேள்வி நேரம் முழுக்க உட்கார்ந்து, அவர் எங்கே தப்பாகச் சொல்கிறார் என்று கவனித்து, வீட்டுக்குப் போகிற வழியில் நோகாமல் எடுத்துச் சொல்வது அவள் வழக்கம். மூன்றாவது படியில் கால் வைத்தபோது மேலே செண்பகத்தின் குரல் கேட்டது. ‘அண்ணே, நான் ஒண்ணு கேக்கேன். அந்த மெலானோ, சாவியைப் புடுங்கின பெறகு, கடைசியில என்னதான் ஆனா?’

வடிவு நின்றாள். இருபது பக்கம்தான் அவரிடம் இருந்தது. மாவைப் பிசைகிற இடத்துக்கு அப்புறம் ஒரே ஒரு பக்கம். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. ‘அதாவது தோழர், முடிவை வாசகர்களே யோசிக்கணும்னு எழுத்தாளர்…’

‘யோசிக்கிறது இருக்கட்டும். அவ என்ன செஞ்சான்னு எழுதிருக்குல்லா புத்தகத்துல?’

வடிவு மூன்று படியும் திரும்ப ஏறிவந்து கதவோரம் நின்றாள். எல்லோரும் திரும்பினார்கள். சீனிவாசகமும் பார்த்தார், அவள் வாயைத் திறந்தால் போதும் என்பதுபோல. பதினோரு வருடமாக அப்படித்தான் பார்த்திருக்கிறார், அவளும் எடுத்துக்கொடுத்திருக்கிறாள்.

‘செண்பகம், எழுதியிருக்கு’ என்றாள். ‘நான் தமிழ்ல முடிச்சதும் முதப் பிரதி உனக்குத்தான் தாரேன். நீயே எழுத்துக்கூட்டிப் படிச்சுக்க.’

‘எம்புட்டு நாள் ஆகும் மதினி?’

‘பதிமூணு நாள்.’

சொல்லிவிட்டு இறங்கினாள். மேலே அவர் மறுபடி பேச ஆரம்பித்தது கேட்டது, என்ன சொல்கிறார் என்று காது கொடுக்கவில்லை. தெருவில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தாள்களை முந்தானைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தோராம் பக்கத்து முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடி வீட்டுப் பக்கம் நடந்தாள்.